எபிரேயச் செய்தி கேட்ட ஜன்னல்

எங்கள் தெருவில் சத்தத்துக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. பாண் விற்கிற ஆட்டோ தன் பாட்டோடு வரும். மீன்காரர் மோட்டார் சைக்கிள் ஹோனை விடாமல் அடிப்பார். மரண அறிவித்தலுக்கும் தண்ணீர் வெட்டுக்கும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி பேசும். யாரும் எதையும் குறையாகச் சொன்னதில்லை. கடைசி வீட்டு ஜன்னலில் இருந்த ஒரு சின்ன ஸ்பீக்கருக்குத்தான் கிழக்கிலங்கையில், கல்முனையில் எங்கள் தெரு நித்திரை இழந்தது. அதில் கேட்டது எபிரேயம். காஸாவில் குண்டு விழுந்துகொண்டிருந்த மாதங்களில், முஸ்லிம்கள் வாழும் தெருவில், ஊருக்கே கேட்கும்படி இஸ்ரேல் நாட்டு வானொலி பாடினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அதை அங்கே வைத்தவர் மெதடிஸ்ட் கோயிலுக்குப் போகிற ஒரு தமிழ் அக்கா. கணவர் இல்லை, ஒரே மகன். அவருடைய வளவோடு எங்கள் தெரு முடிந்து தமிழ் ஆட்களின் தெரு தொடங்கும். பருத்த உடம்பு, எப்போதும் வாரி முடிந்த தலை. மெல்லப் பேசுவதற்கென்று ஒரு குரல் எல்லோருக்கும் இருக்குமே, அது அவரிடம் கிடையாது. "சுகமா தம்பி?" என்று என்னைக் கேட்டால் நாலு வீடு தள்ளி ஒருவர் "ஓம், சுகம்" என்பார். அவர் இப்போது இந்தத் தெருவில் இல்லை. அந்த ஜன்னலைக் கடக்கும்போது என் நடை இன்றைக்கும் கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது.

இணையம் வழியாக வருகிற அந்த வானொலியில் மணிக்கொரு தரம் 'பீப், பீப்' என்று சத்தம் வரும். உடனே அக்காவின் வலது கை உயரும். கை உயர்ந்தால் யாரும் கதைக்கக் கூடாது. மீன்காரர் சூரை மீனைத் தூக்கிப் பிடித்தபடி விலை சொல்ல வாயைத் திறந்திருப்பார், கையைக் கண்டதும் மூடிக்கொள்வார். செய்தி முடிந்து கை இறங்கிய பிறகுதான் பேரம். "மீன் நாறிப் போகும் அக்கா" என்று ஒருநாள் அவர் அழாத குறையாகச் சொன்னார். "செய்தியும் நாறிப் போகும், சுணங்கிக் கேட்டா" என்றார் அக்கா.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தொடங்கினால் அந்த நொடியே ஸ்பீக்கரை நிறுத்திவிடுவார். செய்தியின் நடுவில் என்றாலும் நிறுத்துவார். சின்ன வயதிலிருந்தே இந்தத் தெருவில் வளர்ந்தவர், பாங்கு சொல்லும்போது பாட்டோ கதையோ கேட்கக் கூடாது என்பது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. அவரைத் திட்டியவர்கள் யாரும் இதை மட்டும் சொன்னதில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு கணினிகளை ஓர் அறையில் வைத்துக்கொண்டு ஊர்ச் செய்திகளை இணையத்தில் போடுகிறவன். மதரசாவில் ஓதப் போய் நடுவில் விட்டு வந்ததால் மச்சான்மார் வைத்த பெயர் 'அரை மௌலவி'. ஆனாலும் அரபு விளங்கும். போர் தொடங்கியதிலிருந்து அரபுச் செய்திகளைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் போட்டேன். இடிபாட்டுக்குள்ளிருந்து எடுக்கிற பிள்ளைகளின் படங்களைப் பார்த்துவிட்டுச் சோறு இறங்காமல் எழும்பிய நாட்கள் பல. அப்படியான ஒரு நாளில், அந்த ஜன்னலிலிருந்து ஒரு பெண்குரல் அமைதியாக, தண்ணீர் குடித்துவிட்டு வந்ததுபோல் செய்தி வாசிப்பதைக் கேட்டேன். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கடைக்குப் போய்க் காதுக்குள் வைக்கிற ஹெட்செட் ஒன்றை வாங்கிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, இத வச்சிக் கேளுங்க. ஊருக்கெல்லாம் கேக்கத் தேவல்ல."

அவர் அதை வாங்கிப் பார்த்தார், திருப்பி என் கையிலேயே வைத்தார்.

"மறைச்சிக் கேட்டாத்தான் தம்பி உளவு. பகிரங்கமாக் கேட்டா அது செய்தி. நாளைக்கு ஆராவது வந்து, என்ன களவாக் கேக்கிற எண்டு கேட்டா நான் என்ன சொல்ற? இப்ப எல்லாருக்கும் கேக்குது. சந்தேகமிருந்தா வந்து இரிக்கட்டும். என்ன சொல்றாங்க எண்டு நான் சொல்றன்."

கோபத்தோடு போன நான் அவருடைய கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் திரும்பினேன். அப்படித்தான் அவரைத் தெரியவந்தது.

சுனாமியில் கடல் வந்து வீட்டைக் கொண்டுபோன பிறகு அவர் இஸ்ரேலுக்கு வேலைக்குப் போயிருக்கிறார், வயோதிபர் ஒருவரைப் பராமரிக்க. அந்த மனிதர் அங்கே வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். கையை உயர்த்தும் பழக்கம் அவருடையதுதான். காலையில் அவரைக் குளிப்பாட்டி உட்காரவைத்தால், மடியில் பத்திரிகை, பக்கத்தில் வானொலி. பாஷை தெரியாத அக்காவுக்கு, புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கென்றே அச்சடிக்கிற ஒரு பத்திரிகையை அவர் எடுப்பித்தார். லேசான சொற்கள், எழுத்துக்கு மேலும் கீழும் புள்ளிகள் போட்டிருக்கும், நம்முடைய குர்ஆனில் இருப்பதுபோல. வானொலியிலும் அப்படி மெதுவாக வாசிக்கிற செய்தி ஒன்று இருந்ததாம். அதைக் கேட்டும் இதைப் பார்த்தும்தான் அக்கா படித்தார்.

"அந்தப் பாஷையக் கன காலமா ஓதுறதுக்கும் எழுதுறதுக்கும்தான் வச்சிருந்தவங்களாம் தம்பி. சந்தையில கதைக்கல்ல, சமையலுக்குக் கதைக்கல்ல. புறகு பத்திரிகை போடத் தொடங்கினவங்க. போட்டா, ஒவ்வொரு நாளும் சொல் பத்தாது. தக்காளிக்கு என்ன சொல்ற எண்டே சண்டையாம். ஒரு பத்திரிகைக்காரர் சொன்ன சொல்ல மற்றப் பத்திரிகை போடாது. ஒவ்வொரு கட்சிக்கும் ஒவ்வொரு பேப்பர். இப்ப அதுகள்ல கனக்க மூடியாச்சி எண்டு கிழவன் கவலப்படுவார்."

அந்தக் கிழவர் வேலைக்குச் சேர்ந்தது வெள்ளைக்காரன் அந்த நாட்டையும் ஆண்ட காலத்தில். ஒரே வானொலி, ஒரே கட்டடம். ஆங்கிலம் ஒரு நேரம், அரபு ஒரு நேரம், எபிரேயம் ஒரு நேரம். அரபு வாசிக்கிறவர் முடித்து எழும்பினால் அந்தச் சூடு ஆறாத கதிரையில் இவர் உட்காருவாராம். இருவரும் ஒரே ஒலிவாங்கியில் வாசித்தவர்கள். பிறகு போர் வந்து, ஒருநாள் அந்த அரபுக்காரர் வரவில்லை. எங்கே போனார் என்று கடைசிவரை தெரியாது. சாகிற காலத்தில் கிழவருக்குத் தன் பிள்ளைகளின் பெயர் மறந்துபோனது, அந்த மனிதரின் குரல் மட்டும் மறக்கவில்லை என்றார் அக்கா. சொல்லும்போது அவருடைய குரல்கூடக் கொஞ்சம் தணிந்தது.

சத்தமாகக் கேட்கிற பழக்கம் பஸ்ஸில் பிடித்ததாம். அங்கே 'பீப்' கேட்டதும் சாரதி வானொலியைக் கூட்டிவிடுவார், பஸ்ஸே வாயை மூடிக்கொண்டு கேட்கும். எனக்கு அது புதினமாகப் படவில்லை. நம்முடைய போர்க்காலத்தில் தேத்தண்ணிக் கடைகளில் நாங்களும் அப்படித்தான் கேட்டோம். எந்தப் பாதை மூடியிருக்கிறது, யாரைப் பிடித்துவிட்டார்கள் என்று, வடையைக் கையில் வைத்துக்கொண்டே, மூச்சு விடாமல்.

பிறகு அடிக்கடி போகத் தொடங்கினேன். ஒரே போரை அவர் ஒரு பாஷையில் கேட்பார், நான் இன்னொரு பாஷையில். இரண்டையும் வைத்துப் பார்த்தால் செய்தி நன்றாக வரும் என்பது என் கணக்கு. ஆனால் கதை ஒருநாளும் சுமுகமாக முடியாது.

"குழந்தைகள் சாகிறதப் பத்தி உங்கட ரேடியோ என்ன சொல்லுது?" என்று ஒருநாள் வேண்டுமென்றே கேட்டேன்.

"என்ட ரேடியோ இல்ல தம்பி. அவங்கட ரேடியோ."

"சரி, அவங்கட ரேடியோ. சொல்லுதா, இல்லையா?"

"சொல்லுது. கொஞ்சமாச் சொல்லுது. கடைசியாச் சொல்லுது. உங்கட செய்தியில முதலாவதா வாறது எனக்குக் கடைசியா வரும். எனக்கு முதலாவதா வாறது உங்களுக்கு வாறதேயில்ல. கிழவன் சொல்லுவார், எத முதல்ல வாசிக்கிற எண்டதுலதான் எல்லாம் இரிக்கு, பொய் சொல்லத் தேவையேயில்ல எண்டு."

எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் அன்றைக்கு என் இணையப் பக்கத்தில் போட்டிருந்த செய்திகளின் வரிசையை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் ஏன் விடாமல் கேட்டார் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. அவருடைய மகன் அங்கே இருந்தான். நம்முடைய நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களை எடுத்தபோது, அம்மா இருந்த நாடுதானே என்று பதிந்து போனவன். எல்லைப்பக்கமாக ஒரு சின்ன ஊரில் தக்காளி பறிக்கிறான். அந்த நாட்டு வானொலியில் ஒரு முறை இருக்கிறது. எங்காவது அபாயச் சங்கு ஊதினால், ஓடிக்கொண்டிருக்கிற பாட்டை, நாடகத்தை, எதையும் வெட்டி, சங்கு ஊதுகிற ஊர்களின் பெயர்களை வரிசையாக வாசிப்பார்கள். அக்கா ஜன்னலடியில் நின்று அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லுவார், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்வதுபோல. அப்படிச் சொன்னால்தான் ஒன்றும் தவறாது என்பார். பட்டியல் முடியும். மகனின் ஊர் வராது. "தேவனே" என்று கதிரையில் விழுவார்.

அந்த ஊரின் பெயரை எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறார். நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவர் சொல்ல வேண்டிய பெயர்.

இதைத்தான் யாரோ மதிலோரம் நின்று போனில் பதிந்துவிட்டார்கள். ஒரு குரல் எபிரேயத்தில் ஒரு சொல் சொல்கிறது, அக்கா அதே சொல்லைத் திருப்பிச் சொல்கிறார். அடுத்த சொல், மறுபடி திருப்பிச் சொல்கிறார். ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் திருப்பிச் சொல்வதை எங்கள் ஊர் கண்டது இரண்டு இடத்தில்: நிக்காஹ் கல்யாண மேடையில் ஒன்று, இஸ்லாத்துக்கு வருகிறவருக்குக் கலிமா என்னும் உறுதிமொழியைச் சொல்லிக்கொடுக்கும்போது மற்றது. ஆகவே ஊருக்குச் சந்தேகமே இல்லை. 'கல்முனைப் பொம்புள ஒருத்தி நாளாந்தம் யூதனுக்குச் சத்தியம் பண்ணுறாள், கேளுங்க' என்று அந்தப் பதிவு வாட்ஸப்பில் கிளம்பியது. சம்மாந்துறை, மருதமுனை எல்லாம் சுற்றிவிட்டு எனக்கே மூன்று பேரிடமிருந்து வந்தது, உங்கள் பக்கத்தில் போடுங்கள் என்ற வேண்டுகோளோடு.

நான் போடவில்லை. மறுப்பும் எழுதவில்லை. எழுதினால் என் அறைக்கும் கல் வரும் என்று பயந்தேன். அவருடைய ஜன்னல் கண்ணாடிக்கு அன்றைக்கே கல் வந்துவிட்டது. உடைந்த இடத்தில் பழைய சேலைத் துண்டொன்றைக் கட்டிவிட்டு, ஸ்பீக்கரை அதே இடத்தில் வைத்தார்.

இரண்டாம் நாள் பின்னேரம், அசர் தொழுகை முடிந்து கன நேரம் கழித்து மரைக்காயர் என்னைக் கூப்பிட்டார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒவ்வொரு குடிக்கும், அதாவது தாய்வழிக் குடும்பக் கூட்டத்துக்கும், ஒரு மரைக்காயர் உண்டு. எங்கள் குடிக்கு இவர், நெல் ஆலைக்காரர், ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர், வார்த்தைக்கு ஊர் கட்டுப்படும். "நீ அரபு தெரிஞ்சவன், அந்தப் பாஷையும் கிட்டத்தட்ட அதுதானாமே. வா" என்றார். அது அப்படியில்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இருவரும் போனோம். தெருமுனையில் பொடியன்கள் கூடிநின்றார்கள். யாரும் எங்களுக்கு ஸலாம் சொல்லவில்லை.

"வாங்க நானா, இரிங்க" என்று மரைக்காயரை அண்ணன் முறையில் வரவேற்றார் அக்கா. ஸ்பீக்கரில் ஏதோ பாட்டு. பிளேன்டீ வந்தது. மரைக்காயர் தொடவில்லை.

"தங்கச்சி, நான் சண்டைக்கு வரல்ல. உங்கட வாப்பாவும் என்ட வாப்பாவும் எப்படி இரிந்த ஆக்கள் எண்டு உங்களுக்குத் தெரியும். ஆனா பொடியனுகள் கொதிச்சிப் போய் நிக்கானுகள். அங்க நம்மட சனம் சாகுது. இஞ்ச இந்தச் சத்தம் கேக்குது. நாளைக்கு ஒண்டு நடந்தா என்னால பிடிச்சி வைக்க ஏலாது. நிப்பாட்டிப் போடுங்க."

"நிப்பாட்டுறன் நானா." அக்கா உடனே சொன்னார். "ஆனா என்ட மகன்ட ஊர்ப் பேர் வந்தா, உங்கள்ல ஆர் வந்து எனக்குச் சொல்லுவீங்க?"

மரைக்காயர் என்னைப் பார்த்தார். மகன் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. நான் வாயெடுப்பதற்குள் பாட்டு வெட்டுப்பட்டது.

ஆண்குரல், அவசரமில்லாத குரல், பெயர்களை வாசிக்கத் தொடங்கியது. அக்கா எழுந்து ஜன்னலடிக்குப் போனார். ஒரு பெயர், திருப்பிச் சொன்னார். அடுத்தது, அதையும் சொன்னார். "இதுதானா அந்தச் சத்தியம்?" என்று மரைக்காயர் என் காதில் கேட்டார். "ஊர்ப் பேருகள் ஹாஜி, குண்டு வரப்போற ஊருகள்" என்றேன். இன்னொரு பெயர். அக்கா சொன்னார். அதற்கடுத்த பெயரை வானொலி சொன்னது. அக்கா சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான்.

அக்கா போனில் மகனை அழைத்தார். மணி போனது, அவன் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார், மணி மட்டும் போனது. வானொலி, வெட்டிய பாட்டைத் திரும்பப் போட்டது. அந்தப் பாட்டை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். மரைக்காயர் எழும்பவுமில்லை, இருக்கவுமில்லை, கதிரை நுனியில் தொங்கிக்கொண்டிருந்தார். "என்னடா, என்ன?" என்றார். மகனின் ஊர் என்றேன். "யா அல்லாஹ்" என்றவர், அதற்குப் பிறகு நிப்பாட்டுங்கள் என்ற கதையையே எடுக்கவில்லை.

வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. போன் மணி போவதும் நிற்பதுமாக இருந்தது. பிறகு 'பீப், பீப்'. அக்காவின் கை பழக்கத்தில் உயர்ந்தது. முதலாவது செய்தி வந்தது. அவர் கேட்டார். எதைக் கேட்டாலும் உரத்துச் சொல்லிவிடுகிற அந்த மனுஷி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"என்னயாம் தங்கச்சி?"

என் கையில் போன் இருந்தது, அதில் அரபுச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் முதலாவது அதுதான். எல்லைப்பக்கத் தோட்டமொன்றில் ராக்கெட் விழுந்து வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவன் பலி. இத்தனை மாதத்தில் அவருடைய வானொலியும் என்னுடையதும் ஒரே செய்தியை முதலில் சொன்னது அன்றைக்குத்தான்.

"ஒரு தொழிலாளி மௌத்து, ஹாஜி" என்றேன் மெதுவாக. "வெளிநாட்டான். பேர் சொல்லல்ல."

அப்போது மஃரிபுக்குப் பாங்கு தொடங்கியது.

அக்காவின் கை தானாக ஸ்பீக்கருக்குப் போனது. மகன் இருக்கிறானா இல்லையா என்பதை அந்தக் குரல் அடுத்த நிமிடம் சொல்லக்கூடும். ஆனாலும் போனது. மரைக்காயர் எழும்பிக் குறுக்கே நின்றார்.

"நிப்பாட்டாதங்க. கிடக்கட்டும். பேர் சொல்லுவானுகள், கேளுங்க."

பாங்கும் எபிரேயமும் ஒரே காற்றில் கேட்ட முதல் நாள் அது. தெருமுனைப் பொடியன்களுக்கு இது போதுமாயிருந்தது. கேட் படாரென்று திறந்தது. "பாங்கு சொல்லக்குள்ளயும் வச்சிரிக்காள்!" என்று ஒருவன் கத்தினான். ஒருவன் கையில் அரைச் செங்கல் இருந்ததை நான் கண்டேன். மரைக்காயர் வாசலுக்குப் போனார்.

"நான்தான் வைக்கச் சொன்ன."

யாரும் அசையவில்லை. தொழுகைக்கு முன்வரிசையில் நிற்கிற மனிதர் இங்கே நிற்பதே அவர்களுக்கு விளங்கவில்லை. "என்ன ஹாஜி இது?" என்றான் கல் வைத்திருந்தவன். "அவட மகன் அங்க. குண்டு விழுந்த ஊர்ல. மௌத்தா ஹயாத்தா தெரியா. வாய மூடிட்டு நில்லுங்க" என்றார். நின்றார்கள். பாங்கு முடிந்தது. வானொலி வேறு செய்திகளை வாசித்தது. பள்ளிவாசலில் தொழுகை தொடங்குகிற சத்தமும் கேட்டது.

போன் அடித்தது.

அக்கா அதையும் சத்தமாகத்தான் போட்டார். வேறு மாதிரி அவருக்குத் தெரியாது. "அம்மா" என்று கேட்டது. "அம்மா, நான் இரிக்கன். போனப் போட்டுட்டு ஓடின. எனக்குப் பக்கத்து வரிசையில பறிச்ச பொடியன் போயிட்டான் அம்மா. தாய்லாந்துப் பொடியன்." அதற்குமேல் அழுகைதான், வெளிக் கேட் வரைக்கும் கேட்டது. மரைக்காயர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அக்கா அழவில்லை. மகனைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் போனை வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட் பக்கம் போனார். பொடியன்கள் வழிவிட்டார்கள். வலது கையை உயர்த்தினார், எல்லோரும் அமைதியானார்கள். அந்தப் பெரிய குரல் திரும்ப வந்தது.

"காஸாவில ஒரு வீட்டுக்குக் குண்டு விழுந்து, பிள்ளைகளோட சேர்த்து ஒரு குடும்பமே போயிட்டு. அவங்கட ரேடியோ இத இப்பத்தான், கடைசியாச் சொன்னது. தக்காளித் தோட்டத்தில தாய்லாந்துப் பொடியன் ஒருத்தன் போயிட்டான். அவன்ட தாய்க்கு இன்னும் சொல்லியிருக்க மாட்டாங்க."

பிறகு, வானொலி வாசித்தபோது திருப்பிச் சொல்லாமல் விட்ட அந்த ஊரின் பெயரைத் தெருவெங்கும் கேட்கும்படி சொன்னார்.

"அங்க என்ட மகன் இரிக்கான். உசிரோட இரிக்கான்."

கை இறங்கியது. அவர் வாசித்த செய்தியில் சொந்த மகன் கடைசியாகத்தான் வந்தான்.